கேளாமுகம்: புதுச்சொல் செய்வோர் கவனத்துக்கு

காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, சுற்றியிருப்பவர்களைக் கழற்றிவிடும் பழக்கத்துக்குத் தமிழில் இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்க ஆசைப்படுவோருக்குச் சில யோசனைகள்.

செய்ய வேண்டியவை

• பெயர் தேட வேண்டியது செயலுக்கு. கருவியை விட்டுவிடுங்கள், ஹெட்செட், இயர்போன் என்று ஊர் அதை எப்போதோ தனதாக்கிக்கொண்டது. 1979-இல் சோனி வெளியிட்ட வாக்மேனின் பெயரில் நடைதான் இருக்கிறது. அதற்கு மாற்றாகப் பிரான்ஸ் 1983-இல் பரிந்துரைத்த 'பாலதர்' என்ற சொல்லும் உலாவுவதிலிருந்து பிறந்ததே. காதுக்குள் நடப்பதை இரண்டுமே சொல்லவில்லை.

• புழக்கத்தில் உள்ள சொல்லின் அச்சிலேயே வாருங்கள். பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பதைப் பாராமுகம் என்கிறோம். அதே அச்சில் கேளாமுகம். பள்ளியில் 'ஓடாக் குதிரை' என்று உதாரணம் சொல்லி மனப்பாடம் செய்தோமே, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அந்த வகையறாதான். "ரெண்டு தடவ கூப்பிட்டேன், கேளாமுகமாப் போறான்" என்றால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

• வகை பிரியுங்கள். எல்லாரும் பாட்டுக் கேட்கவா மாட்டுகிறார்கள்? பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவரைப் பாருங்கள். ஒயர் சட்டைப்பைக்குள் போகிறது, உள்ளே எதிலும் செருகவில்லை. "தம்பிக்கு எந்த ஊரு?" என்று பக்கத்து சீட்டுக்காரர் ஆரம்பித்துவிடக்கூடாது, அவ்வளவுதான். பொய்த்தூக்கத்துக்குத் தம்பியான இதைப் பொய்ப்பாட்டு எனலாம். ஆபீஸில் மேனேஜர் பக்கத்துக் காதை மட்டும் திறந்து வைத்திருப்பது ஒற்றைக்காது.

• திரும்பி வருவதற்கும் ஒரு சொல் செய்யுங்கள். தனியாகப் பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவோ என்று சோனியின் அகியோ மொரிதாவுக்கே உறுத்தல் இருந்தது. அதனால் முதல் வாக்மேனில் இரண்டு பேர் கேட்க இரண்டு துளைகள் வைத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் 'ஹாட்லைன்' பொத்தான் ஒன்றும் இருந்தது. அழுத்தினால் பாட்டு தணியும், மைக் வழியே எதிரில் இருப்பவர் குரல் கேட்கும். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தானைக் காணோம். கிட்டத்தட்ட அதே வேலையை 2019-இல் ஏர்பாட்ஸ் ப்ரோ இயர்போன் புதிய வசதியாகக் கொண்டுவந்தது. இப்படித் திரும்பி வருவதற்குக் 'காதுதிறப்பு' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. "காதத் தொறந்து கேளு" என்று வீட்டில் ஏற்கெனவே திட்டு வாங்கியவர்களுக்குப் புரியும்.

செய்யக்கூடாதவை

• 'காதடைப்பு' வேண்டவே வேண்டாம். அது பசிக்காரரின் சொல். "பசியில காது அடைக்குது" என்பவரிடமிருந்து பிடுங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பாட்டுக் கேட்பவருக்குக் கொடுப்பது நியாயமில்லை.

• 'செவிடு' என்பதை ஒட்டியும் எதையும் செய்யாதீர்கள். கேட்க முடியாதவர் வேறு, கேட்க விரும்பாதவர் வேறு.

• 'இரைச்சல் நீக்கம்' என்று பூசி மெழுகாதீர்கள். அது கருவியின் வேலை. வரும் ஒலிக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அதை அமுக்கப் பார்க்கிறது. விமான எஞ்சின் போல ஒரே சீராக வரும் உறுமலில் அதற்கு நல்ல பலன், திடீரென்று "டேய்!" என்று வரும் குரலிடம் அவ்வளவாகப் பலிக்காது. அந்தக் குரலைத் தள்ளிவைப்பது ஆள்தான், பழியைக் கருவிமேல் போடவேண்டாம்.

• அகராதிக்காக மட்டும் சொல் செய்யாதீர்கள். அடுப்படியிலிருந்து அம்மா கத்திச் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். 'செவிவழிப் புறவுலகத் துண்டிப்பு' என்று சொல்லி முடிப்பதற்குள் தோசை கருகிவிடும்.