மோட்டார் இயந்திரமும் அது உண்ணும் காற்றும்

பௌதிக வகுப்பிலே சாள்சின் விதியைச் செய்துபார்த்தவர் எவரும், மயிர்த்துளைக் குழாயினுள் இரசத்துளியொன்றினால் அடைக்கப்பட்ட அச்சிறு காற்றுநிரலை மறந்திரார். சூழ்ந்துள்ள நீர் சூடேறச் சூடேற இரசத்துளி மெல்ல மெல்ல மேலெழும். அமுக்கம் மாறாதிருக்கும்பொழுது வாயுவின் கனவளவு அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதசமமாகும் என விடையெழுதிப் புள்ளியும் பெற்றோம். பிரான்சு நாட்டுச் சாள்சு 1787 ஆம் ஆண்டளவிலே கண்டு, கேலூசாக்கு 1802 இல் வெளியிட்ட இவ்விதி, மோட்டார் வண்டியில் ஆர்வமுடைய இளைஞரின் பணப்பையையும் தொடுவதாயுள்ளது.

உற்பத்தியாளர் பொருத்திய காற்றுப்பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் உலோகக் குழாயொன்றையும் அதன் நுனியிலே கூம்பு வடிவான திறந்த வடிகட்டியொன்றையும் பூட்டிக்கொள்ளும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. இதனால் வலு கூடும் என்பது விற்போர் கூற்று. அக்கூற்று எவ்விடத்து மெய்யாகும், எவ்விடத்துப் பொய்யாகும் என்பதை, இரசத்துளி கற்பித்த பாடத்தைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

பெற்றோல் இயந்திரம் உண்பது பெரும்பாலும் காற்றையே. பெற்றோல் முற்றாக எரிவதற்கு அதன் நிறையைப்போல ஏறக்குறைய 14.7 மடங்கு நிறையுள்ள காற்று வேண்டும். கனவளவாற் கூறின், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 9,000 லீற்றருக்கு மேற்பட்ட காற்றுச் செலவாகின்றது. 1,500 கன சதமமீற்றர் கொள்ளளவுடைய நாலடிப்பு இயந்திரமொன்று நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். இரு சுழற்சிக்கு ஒருமுறையே ஒவ்வோர் உருளையும் காற்றை இழுக்குமாதலின், முழுவதும் நிரம்பினால் நிமிடத்துக்கு 2,250 லீற்றர், அதாவது செக்கனுக்கு 37.5 லீற்றர் காற்று உட்செல்லும். இக்கனவளவை மாற்ற வடிகட்டியாலும் முடியாது, குழாயாலும் முடியாது. அக்கனவளவினுள் அடங்கும் ஒட்சிசனின் திணிவு எவ்வளவு என்பதே வினா.

கடல்மட்டத்தில் 30 பாகைச் செல்சியசு வெப்பமுள்ள உலர்ந்த காற்று, கன மீற்றருக்கு 1.16 கிலோகிராம் நிறையுடையது. அதுவே 60 பாகையாகச் சூடேறின் 1.06 கிலோகிராமாகக் குறையும். தனிவெப்பநிலையில் 303 க்கும் 333 க்கும் உள்ள விகிதம் அது. நூற்றுக்கு 9 வீதமான ஒட்சிசன் இவ்வாறு மறைந்துபோகின்றது. எனினும் வலு முழு 9 வீதமும் குறைவதில்லை. உருளையின் சுவர் எவ்வாறாயினும் காற்றைச் சூடாக்குமாதலால், வெளியே தோன்றும் வேறுபாட்டின் ஒரு பகுதி உள்ளே அழிந்துவிடும். பொறியியலாளர் வலுவைத் திருத்திக் கணிக்கும்போது தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்தையே கொள்வர். அவ்வாறு கணித்தால் இழப்பு ஏறத்தாழ நாலரை வீதம். அன்றியும், சூடான காற்றை உண்ணும் இயந்திரம் இடிக்கத் தலைப்படும். அதைத் தவிர்க்கக் கணினி பொறியிடும் நேரத்தைப் பிந்தச்செய்யும். அதனாலும் வலு சிறிது குறையும்.

இனி, திறந்த வடிகட்டி எங்கே இருக்கின்றது என்று நோக்குக. பொனற்றின் கீழே, 90 பாகையளவில் ஓடும் நீரைக் கொண்ட றேடியேற்றருக்குப் பின்னால், அதனிலும் பன்மடங்கு சூடான புகைக்குழாய்க்கு அருகில்! பழைய பெட்டியோ பெரும்பாலான வண்டிகளில் முன்கிராதியின் ஓரத்திலிருந்தோ சில்லுமூடியின் உட்புறத்திலிருந்தோ வெளிக்காற்றை எடுத்துவந்தது. அழகற்ற கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டிதான். ஆயினும் அதை வரைந்தவர் சாள்சின் விதியை மறந்தவரல்லர். அதைக் கழற்றுபவர் தடையைச் சிறிது குறைத்து, வெப்பத்தைப் பெரிதும் வாங்கிக்கொள்கின்றார். பழைய பெட்டி அடக்கிவைத்திருந்த உறிஞ்சல் ஒலி இப்போது உரத்துக் கேட்குமாதலின், வலு கூடிற்று என்ற நம்பிக்கை மட்டும் உறுதிப்படும். காது நல்ல அளவுகருவியன்று.

வண்டி உற்பத்தியாளர் தாமே இதனை உணர்ந்து செய்த முயற்சிகள் பல உள. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் 1966 இல் தனது 442 என்னும் வண்டியின் ஒருவகைக்கு, முன்தாங்கியிலிருந்து பெருங்குழாய்களால் வெளிக்காற்றை இயந்திரத்துக்குக் கொணர்ந்தது. குழாய்க்கு இடம்வேண்டி மின்கலத்தையே பின்பெட்டிக்கு மாற்றினர். 1969 ஆம் ஆண்டுச் செவரலே கமாரோவின் ஒருவகையில், முன்கண்ணாடியின் அடிப்புறத்தை நோக்கிப் பொனற் திறந்திருந்தது. ஓடும் வண்டியில் அவ்விடத்துக் காற்றமுக்கம் சற்று உயர்ந்திருக்கும் என்பதே காரணம். அவர்கள் இத்தனை பாடுபட்டது குழாயின் பளபளப்புக்காக அன்று, காற்று எங்கிருந்து வருகின்றது என்பதற்காகவே.

அலுமினியக் குழாய் வெப்பத்தைக் கடத்தும், ஆதலால் பிளாஸ்ரிக்கே சிறந்தது என்று சிலர் கடுமையாக வாதிடுவர். இதனைக் கணக்கினால் தீர்த்துவிடலாம். உள்விட்டம் 60 மில்லிமீற்றரான குழாயில் செக்கனுக்கு 37.5 லீற்றர் காற்று ஓடினால் அதன் வேகம் செக்கனுக்கு 13 மீற்றருக்கு மேலாகும். அரை மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளத்தைக் காற்று ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கினுள் கடந்துவிடும். அக்கணப்பொழுதிலே அது குழாய்ச்சுவரிலிருந்து பெறும் வெப்பம் சிறிதே. ஆனால் சந்தியிலே வண்டி நின்று இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது காற்று ஊர்ந்துசெல்லும்; அப்போது சுவர் அதைச் சூடாக்கும். நெரிசலில் ஓடும் வண்டிக்குக் குழாய்மேல் வெப்பத்தடையுறை சுற்றுவதில் நியாயம் உண்டு. நெடுஞ்சாலையில் ஓடுபவர் அப்பணத்தை மிச்சப்படுத்தலாம்.

உண்மையான பயன் தருவது வடிகட்டியைச் சூழும் மறைப்புப் பெட்டியாகும். மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்து இயந்திரப் பக்கத்தை முழுவதும் அடைத்து, மேலோரத்தில் இறப்பர்ப் பட்டியிட்டுப் பொனற்றின் அடியோடு பொருந்தச் செய்தல் வேண்டும். பளபளப்பான தகடு கதிர்வீசும் வெப்பத்தைத் திருப்பிவிடும். பளபளப்புக்கு இங்கேதான் வேலை. ஆயினும் பெட்டி மட்டும் போதாது. வெளிக்காற்று நுழைய வழியில்லாத பெட்டி, பக்கத்து இடைவெளிகளால் அதே சூடான காற்றைத்தான் இழுக்கும். றேடியேற்றருக்கு முன்புறத்திலிருந்து அகன்ற ஊட்டுகுழாயொன்றைப் பெட்டியினுட் கொண்டுவருதல் இன்றியமையாதது.

குளிர்காற்றைத் தேடி வடிகட்டியைச் சில்லருகே தாழ இறக்குவோரும் உளர். மழைக்காலத்திலே தெருவில் நீர் நிற்கும் நாடுகளில் வாழும் நாம் இதனை ஒருபோதும் ஏற்கமாட்டோம். உறிஞ்சப்பட்ட நீர் உருளையை அடைந்தால், அது காற்றைப்போல அமுங்காதாதலின் பிஸ்ரனைத் தாங்கும் தண்டு வளையும். பின்னர் இயந்திரத்தையே கழற்றவேண்டிவரும். ஐந்து பாகைக் குளிர்ச்சிக்கு அது மிகப் பெரிய விலை. புழுதியும் அவ்வாறே. நுண்மணல் புகவிடும் மலிவான வடிகட்டி, உருளைச் சுவரை நாளடைவில் அராவிவிடும்.

பொருத்தும் முறை கடினமன்று. மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றியபின் வேலை தொடங்கவேண்டும். காற்றின் திணிவை அளக்கும் உணரி உள்ள வண்டிகளிலே மிகுந்த கவனம் தேவை. சூடான நுண்கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கின்றது என்பதைக் கொண்டு அது அளக்கின்றது. பழைய குழாயின் உள்விட்டத்துக்கே அது அளவிடப்பட்டிருப்பதால், புதுக்குழாய் அவ்விடத்தில் அகன்றிருப்பின் கணினிக்குப் பொய்க்கணக்கே சேரும். உணரிக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள மூட்டு எதுவும் கசியலாகாது. அளவிடப்படாத காற்று அதன்வழி நுழைந்து இயந்திரத்தைத் தடுமாறச் செய்யும். எண்ணெய் பூசிய பருத்தி வடிகட்டியைக் கழுவி மீள எண்ணெயிடும்போது அளவு மிஞ்சினால், அது பறந்து நுண்கம்பியிற் படியும். இயந்திரம் அசையுமாதலால் குழாய் எதனோடும் உராயாதிருத்தலும் வேண்டும்.

எரிபொருள் மிச்சமாகும் என்ற விளம்பரத்தை நாம் நம்புவதற்கில்லை. சாதாரண ஓட்டத்திலே காற்றுவாயிற் கதவு பாதி மூடியேயிருக்கும். சாரதி மிதியை முழுவதும் அழுத்தும்போதுதான் புதிய குழாயின் திறமை வெளிப்படும்.

ஆதலின் வாங்குமுன் அளந்துபார்த்தலே முறை. உட்புகும் காற்றின் வெப்பநிலையைக் காட்டும் உணரி இக்கால வண்டிகள் பலவற்றில் உண்டு. அதனை வாசிக்கும் சிறுகருவி அதிக விலையன்று. வெளி வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் பத்து நிமிடம் ஓடியபின் ஒருமுறையும், ஐந்து நிமிடம் நின்றபின் ஒருமுறையும் வாசிக்க. ஓடும்போது வேறுபாடு ஐந்தாறு பாகைக்குள் இருப்பின், பழைய பெட்டி தன் கடமையைச் செய்கின்றது. புதிய கடதாசி வடிகட்டி இட்டால் போதும். இருபது பாகைக்கு மேற்பட்டால் மாற்றத்துக்கு இடமுண்டு. மாற்றியபின் அதே தெருவில், அதே நேரத்தில் மீண்டும் அளந்து பழைய எண்களுக்கருகே எழுதுக. வேறுபாடு கூடியிருப்பின் மறைப்பின் மேலோரத்தையும் ஊட்டுகுழாயின் வாயையும் சோதிக்கவேண்டும். அப்பொழுதும் குறையாவிடின், பழைய பெட்டியையும் அதன் திருகாணிகளையும் எறிந்துவிடாது வைத்திருப்பவர் அதனை மீளப் பூட்டிக்கொள்ளலாம்.