"போர்டு போச்சு" என்றால் உடனே நம்பாதே, தங்கச்சி!

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் அக்காள்மடம். ஊர்ப் பெயரே இப்படி என்பதால், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் நான் அக்காதான். அந்த உரிமையில் சொல்கிறேன். லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று கடைக்குப் போனதும், "போர்டு போச்சும்மா, புதுசுதான் போடணும்" என்று சொன்னால், "எந்த லைன்ல ஷார்ட்? மீட்டர்ல எவ்வளவு காட்டுது?" என்று கேள். பதில் சொல்கிறவரிடம் வேலையைக் கொடு. முழிக்கிறவரிடமிருந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடு.

நம் பாம்பன் தீவில் என் மேசைக்கு வந்த டெட் போர்டுகளில் முக்கால்வாசி உப்பு தின்றவை. இரும்பையே விடாத காற்று இது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்களே, தூக்குப்பாலப் பகுதி அரித்துப்போனதால்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு அரிப்பைத் தாங்க பாலிசிலாக்சேன் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உன் மதர்போர்டுக்கு இருப்பதோ மெல்லிசாக ஒரு பூச்சு. சால்டர் வைத்த இடங்களில் அதுவும் கிடையாது. சுத்தமான சாப்பாட்டு உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீர்த்துப்போகும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் ஊரில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குகிற நாள் ஏது? ஃபேன் இழுத்து உள்ளே சேர்த்த உப்புத்தூசி எந்நேரமும் நசநசவென்றுதான் கிடக்கும். அதன் வழியே கரண்டும் கசியும், செம்பும் பச்சை பிடிக்கும்.

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால், "ஆன் ஆகல" என்பது எந்த மாதிரி என்று பார். லைட்டே எரியவில்லையா? லைட் எரிந்து, ஃபேன் சுற்றி, திரை மட்டும் கறுப்பா? ஆன் ஆகி நாலு நொடியில் அணைகிறதா? மூன்றும் வேறு வேறு நோய்.

திரை மட்டும் கறுப்பு என்றால் போர்டைக் குற்றம் சொல்ல அவசரப்படாதே. இருட்டில் திரைமேல் டார்ச் அடித்துப் பார். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்கில் கோளாறு. ஒன்றுமே தெரியாவிட்டால் எச்.டி.எம்.ஐ. வயரில் டிவியோடு இணை. டிவியில் படம் வந்தால் திரை அல்லது திரைக்குப் போகும் கேபிள். அதுவும் இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ரேமை வெளியே எடு. அதன் தங்கநிற முனைகளைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தமாகச் செருகு. கடலோர வீட்டில் இந்த ஒரு ரப்பர் வைத்தியத்தில் எழுந்து உட்கார்ந்த லேப்டாப்கள் எத்தனையோ.

லைட்டே இல்லையென்றால் முதலில் அடாப்டர். லேபிளில் 19 அல்லது 20 வோல்ட் போட்டிருக்கும். மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து முனையில் அளந்தால் ஏறக்குறைய அதே எண் வரவேண்டும். டைப்-சி சார்ஜரை இப்படி அளக்க முடியாது. அது லேப்டாப்போடு பேசி முடித்த பிறகுதான் 20 வோல்ட் விடும். அடாப்டர் சரியென்றால் சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, வெறும் சார்ஜரில் போட்டுப் பார். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை நெம்பாதே, அமுக்காதே, குத்தாதே.

போன ஆடியில் ஒரு தங்கச்சி, அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பைக் கட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். 2011-இல் அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தது. அந்த வகை மெஷின்கள் நம் பக்கத்துப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. ஒரு கடையில் "போர்டு டெட்" என்று சொல்லிவிட்டார்களாம். அடாப்டரைத் தனியே அளந்தால் 19 வோல்ட். லேப்டாப்பில் செருகியதும் அடாப்டரின் லைட் பொசுக்கென்று அணைந்தது. அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. உள்ளே ஷார்ட் இருப்பதால் அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. லைட்டே அணைகிறது என்றால் ஷார்ட் பெரும்பாலும் ஜாக்கை ஒட்டியே இருக்கும், தூரத்தில் தேடவேண்டாம்.

பேட்டரியைக் கழற்றி, மீட்டரை ஓம்ஸில் வைத்து, ஜாக்கின் உள்முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்தேன். 0.4 ஓம். நல்ல போர்டில் அங்கே ஆயிரக்கணக்கில் காட்டும். டி.சி. சப்ளையில் 1 வோல்ட் மட்டும் வைத்து அந்த லைனில் விட்டேன். 19 வோல்ட் போகிற இடம்தானே என்று எடுத்த எடுப்பில் 19 விடக்கூடாது, சுற்றியிருப்பதெல்லாம் சேர்ந்து வேகும். ஜாக்கைச் சுற்றி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சால் தொட்டு நனைத்துவிட்டுக் கண் சிமிட்டாமல் பார்த்தோம். எல்லா இடமும் ஈரமாக இருக்க, குருணை அரிசி அளவில் இருந்த ஒரே ஒரு கெப்பாசிட்டரின் மேல் மட்டும் ஈரம் சட்டென்று காய்ந்தது. சூடாகிறவன் அவன்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு ஓரத்தில் பச்சை. அதை எடுத்ததும் மீட்டர் ஏறியது, அடாப்டர் லைட் நின்று எரிந்தது. பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே இடத்துக் கெப்பாசிட்டரைப் பிடுங்கிப் போட்டேன். பொருள் செலவு ஒரு வடை விலைகூட இல்லை.

அடாப்டர் லைட் அணையாமல் நிற்கிறது, ஆனாலும் ஆன் ஆகவில்லை என்றால் கரண்ட் போகிற வழியிலேயே நடந்து போ. ஜாக், அதையடுத்த மாஸ்ஃபெட்டுகள், பிறகு 3.3 வோல்ட், 5 வோல்ட் காயில்கள். எந்த இடத்தில் வோல்டேஜ் காணாமல்போகிறதோ அங்கே நில். இவை எல்லாம் சரியாக இருந்து பட்டனை அழுத்தினால் மட்டும் அசைவில்லை என்றால் பயாஸ் சிப்பைச் சந்தேகப்படலாம். எட்டுக் கால் உள்ள குட்டி சிப் அது. திருப்பி எழுதுமுன் உள்ளே இருப்பதை ஒரு காப்பி எடுத்துக்கொள். 1.8 வோல்ட் சிப்பும் உண்டு, 3.3 வோல்ட் சிப்பும் உண்டு. எண்ணைப் படிக்காமல் புரோகிராமரை மாட்டினால் நல்ல சிப்பும் போய்விடும்.

ஒரு விஷயத்தில் தெரியாமலும் ஏமாற்றுவார்கள், தெரிந்தும் ஏமாற்றுவார்கள். பிராசஸர் பக்கத்துக் காயில்களில் மீட்டரை வைத்தால் சில ஓம், சிலவற்றில் அதற்கும் குறைவாகத்தான் காட்டும், 'பீப்' சத்தமும் வரும். பிராசஸரின் இயல்பே அது. அந்த பீப்பைக் காட்டி, "பார்த்தியா, சி.பி.யூ. ஷார்ட்" என்றால் நம்பாதே. "ஹீட் அடிச்சுத் தர்றேன்" என்பதும் வேண்டாம். ஈயம் கலக்காத சால்டர் உருக 217 டிகிரி வேண்டும். அதற்குக் குறைந்த சூட்டில் சிப்பை வாட்டினாலும் சில வாரம் உயிர் வரும், பிறகு மறுபடி படுத்துவிடும். இரண்டாம் முறை நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், வளைந்த போர்டைப் பார்த்து அவரும் கையை விரிப்பார்.

கடல்தண்ணீர் பட்டுவிட்டதா? பவரை எடு, பேட்டரியைக் கழற்று. அரிசி டப்பாவில் புதைக்காதே. தண்ணீர் காயும், உப்பு காயாது, அங்கேயே உட்கார்ந்து தின்னும். போர்டை மட்டும் தனியே எடுத்து, இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, பழைய டூத்பிரஷால் மெல்லத் தேய்த்து, பிறகு ஆல்கஹாலில் ஒருமுறை கழுவு. அடுப்பு பக்கத்தில் வைக்காதே. ஃபேன் காற்றில் முழுசாக ஒருநாள் விடு. பெட்ரோல், தின்னர் கிட்டேயே கொண்டுபோகாதே.

கச்சான் காற்று அடிக்கிற நாளில் திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப் பார்க்காதே. வேலை முடிந்ததும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வை. வாரம் ஒருமுறையாவது ஆன் செய்து ஒரு மணி நேரம் ஓடவிடு, அந்தச் சூட்டில் ஈரம் கொஞ்சம் ஓடும். பீரோவுக்குள் பத்திரமாக ஒரு வருஷம் வைத்திருந்த லேப்டாப்தான் சீக்கிரம் சாகிறது.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. பச்சை, போர்டின் உள் அடுக்குகளுக்கு இறங்கிவிட்டால் நானே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன். கேட்கிற கூலி, ஓடுகிற பழைய லேப்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினாலும் விட்டுவிடு. ஆனால் கடைக்குக் கொடுக்குமுன் ஹார்டு டிஸ்க்கையோ எஸ்.எஸ்.டி.யையோ கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போ. உன் போட்டோவும் சர்டிபிகேட்டும் போர்டில் இல்லை, அதில்தான் இருக்கின்றன. கழற்ற முடியாத மாடல் என்றால் அதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

புது போர்டுதான் போட்டார்கள் என்றால் பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கொள், காசு கொடுத்தது நீ. உனக்கு வேண்டாமென்றால் அக்காள்மடத்துக்குக் கொடுத்துவிடு. அதிலிருக்கும் கெப்பாசிட்டர்கள் இன்னொரு தங்கச்சிக்கு ஆகும்.