தராசுக்காரர்களுக்கு ஒரு பதில்

விலை மலிந்த பாயிண்ட் டூ டூ தோட்டாக்களை வாங்கி, அவற்றைத் தரம் பிரித்து, ஐம்பது மீட்டர் இலக்கில் கௌரவமான புள்ளிகள் பெற முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியும் என்றுதான் நான் பதில் சொல்வேன். ஆனால் அதற்குச் சாதனம் தராசு அல்ல என்பதையும் அதே மூச்சில் சேர்த்துச் சொல்வேன். இப்படிச் சேர்த்துச் சொல்வதன் காரணமாகவே எனக்கும் எங்கள் கிளப்பின் மூத்த அங்கத்தினரான ஓர் அண்ணாச்சிக்கும் பேச்சு குறைந்து வெகு காலமாகிறது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கி, ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புறப்படும் காற்று தென்காசியில் சாரலைத் தூவிவிட்டு, சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளையெல்லாம் ஓயாமல் சுழற்றிக்கொண்டிருக்கும் ஆனி, ஆடி மாதங்களில், இந்தச் சீமையில் திறந்த வெளியில் சுட்டுப் பார்த்துத் தோட்டாவின் குணத்தை நிர்ணயிக்க நினைப்பது வீண் பிரயாசை. அட்டையில் விழும் துளைகள் காற்றின் சரித்திரத்தைச் சொல்லுமேயன்றித் தோட்டாவின் யோக்கியதையைச் சொல்லா. ஆகையால் அம்மாதங்களில் வீட்டில் உட்கார்ந்து பிரிப்பதும், தை, மாசியின் அசைவற்ற காலைகளில் சுட்டுப் பரீட்சிப்பதும் என் வழக்கம். அண்ணாச்சியோ தட்டார்கள் வைத்திருப்பது போன்ற மின்தராசு ஒன்றை வாங்கி, தலைக்கு மேல் மின்விசிறி சுழல, கடைசி இலக்கம் தத்தளித்துக்கொண்டிருப்பதைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு தோட்டாவையும் அபிஷேகப் பொருள் போல ஏற்றி இறக்குவார்.

நிறை பார்ப்பதில் உள்ள தோஷம் மிகவும் எளியது. ஒரு தோட்டாவின் மொத்த நிறை 3 கிராமுக்குச் சற்று அதிகம்; அதில் ஈயக் குண்டு மாத்திரமே சுமார் 2.6 கிராம்; மிச்சத்தில் பெரும் பகுதி பித்தளை உறை; வேகத்தைத் தீர்மானிக்கிற வெடிமருந்தோ 0.1 கிராமுக்கும் குறைவு. உறை கொஞ்சம் தடித்து மருந்து கொஞ்சம் குறைந்திருக்கும் தோட்டாவும், உறை மெலிந்து மருந்து மிகுந்த தோட்டாவும் தராசுத் தட்டில் இரட்டைப் பிள்ளைகளாகக் காட்சியளிக்கும். போதாததற்கு, பல முறை விரலால் தொட்டெடுத்ததில், குண்டின் மேல் பூசிய மெழுகு அங்கங்கே அழிந்து ஈயம் பளபளப்பதை அண்ணாச்சியின் பெட்டியில் நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

அளக்க வேண்டியது விளிம்பின் கனத்தை. 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி இந்த ரகத்தை வெளியிட்ட நாள் தொட்டு இதன் சூட்சுமம் மாறவில்லை: பற்றவைக்கும் ரசாயனம் அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது, துப்பாக்கியின் அடிக்கும் ஊசி அந்த விளிம்பை நசுக்குகிறது, தோட்டா அறைக்குள் எவ்வளவு ஆழம் போய் நிற்கும் என்பதும் அந்த விளிம்பாலேயே முடிவாகிறது. நான் ஒரு லேத் பட்டறையில் பித்தளைப் புஷ் ஒன்று கடையச் செய்து (சுட்ட வெற்று உறையைத்தான் மாதிரிக்குக் கொடுத்தேன், உயிர்த் தோட்டாவைக் கொண்டு போகிற அசட்டுத்தனம் வேண்டாம்), தோட்டாவை அதில் இறக்கி, டயல் கேஜின் முனையை மெதுவாக, அழுத்தாமல் வைத்துப் பார்ப்பேன். ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனத்தில் 0.02 மில்லிமீட்டருக்கு ஒரு குவியல் என்று பிரித்தால், பெரும்பான்மை நடுக் குவியல்களில் சேர்ந்துவிடும். இரு ஓரங்களில் ஒதுங்குகிறவைதாம் திடீரென்று ஏழிலும் ஆறிலும் போய் விழுகிற துஷ்டர்கள்.

இவ்வளவு சிரத்தையையும் ஒரே நாழிகையில் பாழாக்க வல்லது லாட் கலப்பு, அதாவது வெவ்வேறு தடவைகளில் தயாரான தோட்டாக்கள் ஒன்றோடொன்று கலந்துபோவது. மாவட்டப் போட்டிக்கு முந்தின வாரம், கிளப்பில் என் மேஜையருகே வந்தமர்ந்த அண்ணாச்சி, உபகாரம் செய்கிற உத்தேசத்தோடு, நான் பிரித்து வைத்திருந்த இரண்டு லாட் தோட்டாக்களையும் தம் தராசில் ஏற்றி, நிறை ஒத்தவற்றையெல்லாம் ஒரே பெட்டியில் கொட்டிவிட்டார். நான் பதறியதற்கு, "எல்லாம் ஒரே கம்பெனிதானவே, எந்தப் பெட்டில கெடந்தா என்ன?" என்றார். லாட் நம்பர் அட்டைப் பெட்டியில் அச்சிடப்படுவதே தவிரத் தோட்டாவில் இராது. கலந்தவற்றை எந்த வித்வானாலும் மீண்டும் பிரிக்க இயலாது. போட்டி அட்டையில் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கூட்டங்களாக, நடுவே ஒரு விரல்நகம் இடைவெளியோடு, வெட்கமின்றி உட்கார்ந்திருந்தன. நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டுகளுக்குள் 10 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால், ஐம்பது மீட்டரில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு உண்டாகும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்! அன்று நான் இழந்த இடத்தைப் பற்றி அண்ணாச்சி கூறிய அபிப்பிராயம், என் மூச்சு சரியில்லை என்பது.

ஈலி, லாப்புவா போன்ற தோட்டாக் கம்பெனிகள் நடத்தும் பரிசோதனைக் கூடங்களில், வீரனின் துப்பாக்கியை அசையாது பிணைத்து, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, அதற்கு ஒத்ததைத்தான் தேர்ந்தெடுக்கிறார்களே ஒழிய, ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பதில்லை. 2024-இல் பாரிசில் ஸ்வப்னில் குசாலே ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற பிறகு இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் தராசு வாங்குமுன் இதைக் கருத வேண்டும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். அதிவேக ரகத்தை வாங்காதீர்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்பட்டு, இலக்கை அடையுமுன் அதற்குக் கீழே இறங்குகிற குண்டு தடுமாறும். கண்ணாடிப் பலகையில் உருட்டி, மூக்கு ஆடுகிறவற்றை விலக்குங்கள். பெட்டிகளை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். ஒதுக்கியவற்றை எறியவும் முடியாது, உரிமத்தில் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. படுத்துச் சுடும் பயிற்சிக்கு அவை தாராளமாகப் போதும். அவற்றால் சுட்ட அட்டையை மாத்திரம் ஒருவர் கண்ணிலும் படாமல் அங்கேயே கிழித்துவிடுவது என் வழக்கம்.