ஓடவிடும் முன் ஊகித்து எழுது

அன்புள்ள தம்பிக்கு,

பைத்தான் கற்கப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல முடிவு. கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட கணினி மொழி அது. எந்த மொழியில் தொடங்குவது என்ற விவாதத்தை இனி விட்டுவிடு. ஆங்கிலம் சரளமாக வராதே என்றும் அஞ்சாதே. பைத்தான் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சொற்கள் 35தான். மாறிகளுக்கு நீ தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

நான் வற்புறுத்துவது ஒரே ஒரு பழக்கத்தை. புரோகிராமை ஓடவிடும் முன், என்ன விடை வரும் என்று நோட்டில் எழுதிவிடு.

இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டும் புரோகிராம் ஒன்று எழுது. 5, 7 என்று கொடு. நோட்டில் 12 என்றிருக்கும். திரையில் 57 வரும். 'இன்புட்' என்ற கட்டளை வழியாக வருவது எதுவானாலும் பைத்தானுக்கு அது ஸ்ட்ரிங்தான், வெறும் எழுத்து வரிசை. இரண்டு ஸ்ட்ரிங்குகளைக் கூட்டினால் அடுத்தடுத்து ஒட்டிக்கொள்ளும். 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றினால்தான் 12 கிடைக்கும். வீடியோவில் கேட்டால் இது மறந்துபோகும். நீ எழுதிய 12 பொய்த்துப்போன இடத்தில் கற்றால் மறக்கவே மறக்காது.

இன்னொன்றும் செய்துபார். 'அம்மா' என்ற சொல்லின் நீளத்தை 'லென்' மூலம் கேள். மூன்று என்றுதானே எழுதுவாய்? வருவது 5. எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் மெய்யின் புள்ளிக்கும் 'மா'வின் காலுக்கும் தனித்தனி எண் உண்டு. பைத்தான் அவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. சொல்லைத் தலைகீழாகத் திருப்பினால் கால் முதலில் வந்து தனியே நிற்கும். தமிழில் சொல்விளையாட்டு செய்யப் புறப்படும் எவரும் இங்கே முட்டிக்கொள்வார்கள். நம் கணக்குப்படி எழுத்துகளைப் பிரித்துத் தர 'ஓப்பன் தமிழ்' என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. அதை உடனே எடுத்துவிடாதே. நீயே பிரித்துப் பார். லூப்பும் 'இஃப்'பும் அந்த முயற்சியிலேயே கைக்கு வந்துவிடும்.

எரர் வந்தால் கடைசி வரியை முதலில் படி. தவறின் வகை அங்கேதான் இருக்கும். வரி எண் அதற்குச் சற்று மேலே. அந்த வரியில் குற்றம் தெரியாவிட்டால் முந்தைய வரியில் அடைப்புக்குறி மூடாமல் இருக்கிறதா என்று பார். ஏஐயிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் காரணம் இதுவாக இருக்கும் என்று உன் ஊகத்தை எழுதிய பிறகு கேள்.

அடுத்த கடிதத்தில், உன் ஊகம் பொய்த்த புரோகிராம் ஒன்றை எனக்கு எழுதி அனுப்பு. ஏன் பொய்த்தது என்பதையும் உன் சொற்களில் எழுது.

அன்புடன்,
அண்ணன்