நிலக்கரிப் புகையின் வரவு செலவு

இலை நோய் கண்ட ரப்பர் மரங்களுக்குக் கந்தகத் தூள் தூவுவதை நம்மில் பலர் அறிவோம். மரத்திற்கு மருந்தாகும் அதே கந்தகம் நெருப்பில் எரிந்தால் நச்சு வாயுவாகிவிடுகிறது. நிலக்கரியில் கந்தகம் இயல்பாகவே கலந்திருப்பதால், அதனை எரித்து மின்சாரம் உண்டாக்கும் நிலையங்களின் புகைபோக்கிகள் வழியே இவ்வாயு வெளியேறுகின்றது. நமது நாட்டிலும் காப்பார், மஞ்சோங் முதலிய இடங்களில் நிலக்கரி மின் நிலையங்கள் உள்ளன.

புகையைத் தூய்மைப்படுத்தப் பணம் வேண்டும். அச்செலவுக்கு ஏற்ற பயன் உண்டா? அமெரிக்க நாட்டின் அனுபவத்தைப் பார்ப்போம்.

1990ஆம் ஆண்டில் அந்நாட்டு மின் நிலையங்கள் ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேற்பட்ட கந்தக வாயுவை வெளியிட்டன. அது அமில மழையாகப் பெய்து ஏரிகளில் மீன்களை மடியச் செய்தது. அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பெற்றது. 1995 முதல், முதலில் பெரிய நிலையங்களுக்கும் பின்னர் ஏனையவற்றுக்கும் வாயு அளவு ஒதுக்கப்பட்டது. ஒதுக்கீட்டிற்குக் குறைவாக வெளியிடும் நிலையம் மீதியைப் பிறருக்கு விற்கலாம். சில நிலையங்கள் சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் தெளித்துக் கந்தகத்தைப் பிரித்தன; பல, கந்தகம் குறைந்த மேற்குப் பகுதி நிலக்கரிக்கு மாறின. செலவு, முன்னர் அஞ்சிய அளவுக்கு ஏறவில்லை. 2010இல் வாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2010ஆம் ஆண்டுக்கான செலவை 300 கோடி டாலர் என்றும் நன்மையை 12,200 கோடி டாலர் என்றும் மதிப்பிட்டது. நன்மையில் பெரும்பகுதி மீன்களால் வந்ததன்று. கந்தக வாயு காற்றில் நுண்துகளாக மாறி நுரையீரலுள் புகுகிறது. அது குறைந்ததால் தவிர்க்கப்பட்ட அகால மரணங்களின் மதிப்பே அது. ஏரிகளுக்காக வந்த சட்டம் மனிதரின் நெஞ்சைக் காத்தது!

ஆயினும் செலவை யார் சுமந்தனர் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். இல்லினாய் போன்ற மாநிலங்களின் நிலக்கரியில் கந்தகம் மிகுதி. அதை வாங்குவோர் குறைந்ததால் அங்கே சுரங்கத் தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். இயந்திரங்களின் வருகையும் அதற்கு ஒரு காரணமே. நன்மை கோடிக்கணக்கானோருக்குச் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. நட்டமோ சில ஊர்களின் தலையில் ஒரேயடியாக விழுந்தது. தோட்டத் துண்டாடலைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

வேலை இழப்போருக்குப் பயிற்சியும் உதவியும் அளிக்க அச்சட்டமே ஆண்டுக்கு 5 கோடி டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு வகை செய்திருந்தது. 12,200 கோடிக்கு முன்னால் அது மிகச் சிறிய தொகையே.