சூட்டு வலியா... பிரசவ வலியா?

வளைகாப்பு முடிந்து, பிறந்த வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது அந்தப் பெண்ணுக்கு. ஒருநாள் மத்தியானத்திலிருந்து இடுப்பில் விட்டு விட்டு வலி. ‘‘இந்த வெயிலுக்குச் சூட்டு வலிதான்’’ என்று சீரகத் தண்ணீர் கொடுத்தார் அம்மா. ராத்திரி ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெயும் உள்ளே போனது. விடியற்காலை என்னிடம் கூட்டி வந்தபோது கருப்பை வாய் முக்கால்வாசி திறந்துவிட்டது. அப்போது 31 வாரம்!

‘‘நேத்தே வந்திருக்கக் கூடாதாம்மா?’’ என்றேன்.

‘‘தினம் ஒரு வலி சொல்றா டாக்டர். எல்லாத்துக்குமா ஓடி வர முடியும்?’’

நியாயமான பதில்தான். ஆனால், அந்த ஒரு ராத்திரியில் நாங்கள் என்ன செய்திருக்க முடியும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைப்பிரசவம். இந்தக் குழந்தைகளுக்கு முதல் எதிரி, முதிராத நுரையீரல். 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். ஆனாலும் மூச்சுத் திணறி இரண்டே நாளில் இறந்துபோனான். ஜனாதிபதி வீட்டுப் பிள்ளைக்கே அன்று வழியில்லை! 1972-ல் நியூஸிலாந்து டாக்டர்கள் லிக்கின்ஸும் ஹோவியும் ஒரு வழி சொன்னார்கள். தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால், வயிற்றிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்ச்சி அடைகிறது. (லிக்கின்ஸ் இதை முதலில் கண்டது ஆடுகளிடம்!) இப்போது அரசு ஆஸ்பத்திரியிலும் போடுகிறார்கள். ஆனால் ஊசி முழுப் பலன் தர ஒரு நாளாவது வேண்டும். வலியை நிறுத்த நாங்கள் தரும் மாத்திரை பிரசவத்தை வாரக்கணக்கில் தள்ளிப் போடாது. சுமார் இரண்டு நாள் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். கருப்பை வாய் நன்றாகத் திறந்துவிட்டால் அதுவும் கிடைக்காது.

சரி, யாருக்கு இந்த ஆபத்து அதிகம்? முன்பே ஒரு குறைப்பிரசவம் ஆனவர்களுக்குத்தான் முதலிடம். அடுத்து, இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, ரத்தசோகை உள்ளவர்கள், மிகவும் ஒல்லியானவர்கள், பதினெட்டு வயதுகூட நிரம்பாதவர்கள், முதல் குழந்தை தவழும்போதே அடுத்ததை உண்டானவர்கள்... புகையும் ஒரு காரணம். ‘‘எங்க வீட்டில் பெண்கள் யாரும் பிடிக்க மாட்டோமே’’ என்பீர்கள். வீட்டுக்காரர் ஹாலில் உட்கார்ந்து ஊதினால்?

நம் பெண்கள் வெளியே சொல்லாத ஒன்று சிறுநீர்த் தொற்று. வெளியே போனால் பாத்ரூம் சரியாக இருக்காது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஆபீஸ் போய் வருகிறவர்கள் எத்தனை பேர்! சிலருக்கு எரிச்சல், காய்ச்சல் எதுவுமே இல்லாமல் கிருமி இருக்கும். அது சிறுநீரகம் வரை ஏறினால் வலியைத் தூண்டிவிடும். அதனால்தான் முதல் மூன்று மாதத்திலேயே சிறுநீரைக் ‘கல்ச்சர்’ பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்கிறோம். கெட்ட வாடையுடன் வெள்ளைபட்டாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இவை எதுவுமே இல்லாமலும் பலருக்குக் குறைப்பிரசவம் ஆகிறது. மாடிப்படி ஏறினாள், பப்பாளி தின்றாள் என்று அந்தப் பெண்ணைக் குற்றவாளி ஆக்காதீர்கள். மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடப்பதும் குறைப்பிரசவத்தைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை.

சூட்டு வலியை எப்படிப் பிரித்தறிவது? ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுங்கள். வயிற்றில் கை வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். சாதாரண வலி மெல்ல அடங்கிவிடும். வயிறு கல் மாதிரி இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகி, ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு முறை வந்தால் கிளம்பிவிடுங்கள். அடிவயிறு கீழே இழுப்பது, புதிதாக வந்த விடாத இடுப்பு வலி இவையும் அறிகுறிதான். நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ அந்த ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அது குடலோடு கருப்பையையும் சேர்த்து முடுக்கிவிடக்கூடும்.

அந்தப் பெண்ணுக்கு முதல் ஊசி போட்ட இரண்டு மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. ஒன்றரை கிலோ. ‘‘ஏழாம் மாசம்னா பொழைக்கும், எட்டாம் மாசம்னா தங்காதாமே டாக்டர்?’’ என்று பாட்டி அழுதார். தலைகீழ் கணக்கு, பாட்டி! வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான். ஐந்து வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வீட்டுக்குப் போனான் பையன்.

அடுத்த முறை உண்டானதும் அவள் முதல் மாதமே வந்துவிட்டாள். இருபதாவது வாரத்தில் ஸ்கேன் செய்து கருப்பை வாயின் நீளத்தை அளந்தோம். 25 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தது. தையல் போட்டு, புரோஜெஸ்டிரான் மருந்தும் கொடுத்தோம். அவளுடைய அம்மா ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வயிறு இறுகின நேரத்தையெல்லாம் அதில் எழுதிக்கொண்டு வந்தார்.