வெடியபாயமும் தொழிலாளர் பயிற்சியும்

தெற்கே வெருகலாறு முதல் வடக்கே புல்மோட்டை வரை நீண்டு கிடக்கும் திருக்கோணமலை மாவட்டத்துக்கு, வயலும் கடலுமே நெடுங்காலம் வாழ்வளித்து வந்தன. துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளும், பின்னர் மாவாலையும் சீமெந்தாலையும் எழுந்தபின், ஆலைத்தொழிலும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. ஏர் பிடித்த குடும்பத்து இளைஞன் ஆலையுட் புகும்போது, கண்ணுக்குப் புலனாகாத ஓர் அபாயத்தின் அருகே நிற்கின்றான். அவ்வபாயம் யாது, அதனை அவனுக்கு எங்ஙனம் கற்பித்தல் வேண்டும் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

எரிதலும் வெடித்தலும்

எரிபொருள், ஒட்சிசன், தீ மூட்டும் வெப்பம் என்னும் மூன்றும் கூடினாலன்றித் தீ உண்டாகாது. நெல்லாலைப் புறத்தே குவிந்த உமியில் நெருப்பிட்டால், அது நாட்கணக்காகப் புகைந்து கனலுமேயன்றி வெடிப்பதில்லை. காற்று மேற்பரப்பை மாத்திரமே தீண்டுவதே அதற்குக் காரணம். எரியுந் தன்மையுள்ள அத்தகைய பொருளே நுண்டூசியாகிக் காற்றிற் பரவி, நாற்புறமும் அடைபட்ட இடத்தில் ஒரு பொறியைச் சந்திக்குமாயின், கணப்பொழுதில் முழுதும் எரிந்து சுவரைத் தகர்க்கும். ஆகவே, தூசி வெடிப்புக்கு முற்கூறிய மூன்றுடன் பரவுதல், அடைபடுதல் என்னும் இரண்டும் வேண்டும். இவ்வைந்தில் ஒன்றை நீக்கினும் வெடிப்பு நிகழாது.

மாவும் சீனியும்

நாள்தோறும் உண்ணும் மா வெடிக்குமோ என ஐயுறுவார் உளர். 1785 திசெம்பர் 14ஆம் நாள் இத்தாலியின் தூரின் நகரில், வெதுப்பகமொன்றின் மாக்கிடங்கு விளக்கின் சுடர் பட்டு வெடித்தது. 1878 மே 2ஆம் நாள் அமெரிக்காவின் மினியாப்பொலிசு நகரத்து மாவாலை வெடித்து 18 உயிர்களைக் கொண்டது. 2008 பெப்ரவரி 7ஆம் நாள் ஜோர்ஜியா மாநிலத்துச் சீனியாலையில் 14 பேர் மாண்டனர். அங்கே முதல் வெடிப்பு, மூடிய கடத்துபட்டி ஒன்றனுள்ளே நிகழ்ந்தது. அதன் அதிர்ச்சியால் தளங்களிலும் வளைகளிலும் படிந்திருந்த சீனித் தூசி மேலெழுந்து, மீண்டும் மீண்டும் வெடித்தது. ஒரு மில்லிமீற்றருக்குங் குறைந்த படிவும் இவ்வாறு கேடு செய்ய வல்லது. ஆதலின், ஆலையில் துடைப்பம் பிடிப்பவனும் பாதுகாப்பு உத்தியோகத்தனே. தூசியை அழுத்தக் காற்றால் ஊதிப் பறக்க விடலாகாது, தக்க உறிஞ்சியால் அகற்றல் வேண்டும் என்பது அவன் கற்க வேண்டிய முதற் பாடம்.

தாங்கியும் ஆவியும்

பிரித்தானியர் அமைத்த சீனக்குடாத் தாங்கிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்வன. அவற்றுள் 99 எஞ்சியுள்ளன. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது, தாங்கியொன்று எரிந்தழிந்தது. அன்றைய ஆபத்து வானிலிருந்து வந்தது. ஏனைய நாட்களின் ஆபத்தோ நிலத்தோடு ஊர்ந்து வருவது. பெற்றோல் ஆவி காற்றினும் கனமானது. வடிகால்களிலும் குழிகளிலும் தங்கும். காற்றில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை கலந்திருக்கும்போதே வெடிக்கும். இதனாலேயே நிறைந்த தாங்கியினும் வெறுந்தாங்கி கொடிதாகின்றது. எஞ்சிய சிறிதளவு எண்ணெயின் ஆவியும் உட்புகுந்த காற்றும் அங்கே தக்க அளவிற் கலந்துவிடுகின்றன.

2009 ஒக்டோபர் 29ஆம் நாள் இந்தியாவின் ஜெய்ப்பூர் எண்ணெய் நிலையத்தில், குழாய்த் தொடரை ஆயத்தஞ் செய்கையிற் பெற்றோல் பீறிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஆவி பரவியபின் தீப்பற்றி, 11 பேர் உயிரிழந்தனர். வால்வுகளைத் திறக்கவேண்டிய ஒழுங்கு பிறழ்ந்ததே அப்பேரழிவின் தொடக்கம்.

நியமங்கள்

மின்கருவிகளுக்கென சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 60079 என்னும் நியமத் தொகுதியை வகுத்துள்ளது. வெடிக்கத்தக்க ஆவி எத்துணைக் காலம் நிலவும் என்பதற்கேற்ப, ஆவியுள்ள இடங்கள் 0, 1, 2 என்றும், தூசியுள்ள இடங்கள் 20, 21, 22 என்றும் வலயங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு வலயத்துக்கும் உரிய கருவியே அங்குப் பொருத்தப்படல் வேண்டும்.

கல்லூரி ஆய்வுகூடத்திற் பன்சன் சுடர்மேற் கம்பிவலையைப் பிடித்த மாணவன், சுடர் வலையைக் கடவாமையைக் கண்டிருப்பான். 1815இல் டேவி சுரங்க விளக்கை அமைத்தது அவ்வுண்மை கொண்டே. சுடர்காப்புப் பெட்டியும் அத்தகையதே. அதனுள்ளே ஆவி புகலாம், வெடிக்கவும் செய்யலாம். ஆயின் வெளிவரும் வாயு, ஒடுங்கிய இணைப்பிடைவெளியிற் குளிர்ந்துவிடுவதால் வெளியே தீ மூளாது. மூடியைத் திருப்பிப் பூட்டுவோன் ஓர் ஆணியைக் குறைத்துவிடின், இடைவெளி அகன்று பெட்டி பயனற்றதாகும். இக்காரணத்தை அறிந்தவன் ஆணியைக் குறையான். கட்டளையை மாத்திரம் அறிந்தவன், மேலாளர் அகன்றதும் குறைப்பான்.

பயிற்சி

நம் நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், வெடிக்கத்தக்க தூசி, வாயு, ஆவி என்பன பற்றிய காப்புகளை விதிக்கின்றது. எனினும், சட்டம் ஏட்டிலும் நியமம் கருவியிலும் நின்றுவிடின் பயனில்லை. பயிற்சியில் நான்கு கூறுகள் இன்றியமையாதன.

முதலாவது, தொழிலாளி பேசும் மொழியிலேயே கற்பித்தல். இரண்டாவது, செய்துகாட்டிச் செய்வித்தல்: பவுசரை நிரப்புமுன் புவித்தொடுப்புக் கம்பியைப் பூட்டலும், ஆவிமானியால் அளந்து பார்த்தலும், அனுமதிச் சீட்டின்றி ஒட்டுவேலை தொடங்காமையும் கையிற் பழகவேண்டும். மூன்றாவது, ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் நாட்கூலியையும் விலக்காது சேர்த்தல். தாங்கியைக் கழுவவும் வெட்டி ஒட்டவும் உள்ளே இறங்குபவன் பெரும்பாலும் அவனே. நான்காவது, ஐயம் எழுந்தவுடன் வேலையை நிறுத்தும் உரிமையை அவனுக்கு அளித்து, அதனாற் கூலி குறையாது என உறுதி கூறல்.

2022 சனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கைகள் சீனக்குடாத் தாங்கிகளைப் புதுப்பித்துப் பயன்படுத்துவதை நோக்கமாகக் கொண்டவை. பழைய தாங்கியைப் புதுப்பித்தலெனின், அங்கே துப்புரவு வேலையும் தீவேலையும் உண்டு. ஆகவே, இப்பயிற்சி நம் மாவட்டத்துக்கு ஏட்டுக் கல்வியன்று. ஆலைகளிற் பொறுப்பேற்றிருக்கும் பழைய மாணவர், தம் கையெழுத்துக்காக அனுமதிச் சீட்டு வரும்போது, இடத்தை நேரிற் சென்று பார்த்த பின்னரே ஒப்பமிடுவாராக. இன்று கற்கும் மாணவர், ஆய்வுகூடத்துக் கம்பிவலைப் பரிசோதனையைத் தேர்வுக்குரிய விடையாக மாத்திரம் கொள்ளாதிருப்பாராக. காலையில் ஆலைக்குச் சென்றவன் மாலையில் வீடு திரும்புதல் அவ்வறிவையும் பொறுத்தது.